கேஸ் கீசர்: காற்று வர ஒரு வழி, புகை போக ஒரு வழி

கேஸ் கீசர் மாட்டப் போகும்போதும் பழுது பார்க்கப் போகும்போதும் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். எந்தக் கம்பெனி நல்லது, விலை என்ன என்பதெல்லாம் இதில் இல்லை. எரிகிற பொருளுக்குக் காற்று எப்படி வர வேண்டும், எரிந்த புகை எப்படி வெளியேற வேண்டும் என்பது மட்டும்தான்.

வெயிலுக்குப் பேர்போன ஊர் வேலூர். இங்கே கீசருக்கு இவ்வளவு பயம் தேவையா?

வெயில் ஊர் என்பதுதான் சிக்கலே. குளிர் ஊர்களில் வீடு கட்டும்போதே ஹீட்டருக்கு இடம், புகைக்குழாய்க்கு ஓட்டை எல்லாம் யோசித்து விடுகிறார்கள். நம் பாத்ரூம் பச்சைத் தண்ணீர்க் குளியலுக்குக் கட்டியது. தலைக்கு மேல் ஒரு சின்ன வென்டிலேட்டர், அவ்வளவுதான். கீசர் பிற்பாடு வந்து ஷவருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கார்த்திகை, மார்கழி, தை என்று மூன்று மாதம் ஓடும். மிச்ச நாளெல்லாம் சும்மா கிடக்கும். அதற்குள் பர்னர் குழாயில் எட்டுக்கால் பூச்சி வலை கட்டிவிடும். முதல் குளிர் அடித்த அன்று யாரும் திறந்து பார்ப்பதில்லை, நேராகப் பற்ற வைத்து விடுகிறார்கள்.

நம் பாட்டி வீடுகளில் செம்பு பாய்லர் கொல்லையிலோ முற்றத்திலோதான் இருந்தது. நடுவில் புகைபோக்கியும் உண்டு. விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், அதனால் யாரும் அதைப் பாத்ரூமுக்குள் கொண்டுபோகவில்லை. கேஸ் கண்ணைக் கரிக்காது. அதனால்தான் உள்ளே வந்துவிட்டது.

கேஸ் வாடையே வரவில்லை, டியூபும் புதுசு. அப்புறம் என்ன ஆபத்து?

இரண்டு வேறு ஆபத்துகளை ஒன்றாக நினைப்பதால் வருகிற கேள்வி இது. ஒன்று கசிவு. எரியாத கேஸ் வெளியே வருவது. அதற்கு இயற்கையில் வாடை கிடையாது. நமக்குத் தெரிய வேண்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்ற மருந்தைக் கலந்து அனுப்புகிறார்கள். காற்றைவிட கனம் என்பதால் தரையில் தேங்கும்.

இன்னொன்று, கசிவே இல்லாமல் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போது வருவது. எரியப் போதுமான காற்று கிடைக்காவிட்டால் கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை, இருமலும் வராது. மெர்காப்டனும் தீயில் எரிந்து போயிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டியது மட்டும் போகாது. முதலில் தலை பாரம், பிறகு குமட்டல், கால் துவளல். தாழ்ப்பாளை எட்டித் திறக்கும் தெம்பு அதற்குள் போய்விடுகிறது.

இந்தியாவில் குளியலறையில் இப்படி விழுபவர்கள் அடிக்கடி வருவதால் மருத்துவர்கள் இதற்கு ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வலிப்பு என்று நினைத்து வலிப்பு மாத்திரை சாப்பிட்டவர்களும் உண்டு.

எங்கள் பாத்ரூம் 5 அடிக்கு 7 அடி. அந்தக் காற்று போதாதா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உயரம் 9 அடி என்று வைத்தால் 315 கன அடி, அதாவது சுமார் 9 கன மீட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் சாதாரண கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கேஸ் பிடிக்கும். 1 கிலோ எல்.பி.ஜி. முழுசாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 0.2 கன மீட்டர்.

கதவு, வென்டிலேட்டர் எல்லாம் மூடிய அறையில் 5 நிமிடம் ஓடினால் 1 கன மீட்டர் காற்றின் ஆக்சிஜன் காலி. 21 சதவீதமாக இருந்தது 19-க்குக் கீழே வந்திருக்கும். தீ கோணலாக எரியத் தொடங்குவதும், மோனாக்சைடு ஏறத் தொடங்குவதும் இந்த எல்லையை ஒட்டித்தான். 10 நிமிடத்தில் 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கூடவே அரை கிலோ கார்பன் டை ஆக்சைடு அறைக்குள் சேர்ந்திருக்கும். வெளிக்காற்றில் 0.04 சதவீதம் இருப்பது உள்ளே 3 சதவீதத்தைத் தொடும். அதனால் மூச்சு வேகமாகும், மோனாக்சைடையும் வேகவேகமாக இழுப்போம்.

கதவு இடுக்கில் கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும், வாஸ்தவம். ஆனால் ஈரம் வெளியே வராமலிருக்கக் கதவடியில் மிதியடியைச் சுருட்டி வைக்கிற வீடுகளையும் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் எரிவாயு நெறிமுறையான என்.எஃப்.பி.ஏ. 54, அறைக் காற்றையே நம்பி எரியும் கருவிக்கு மணிக்கு 1,000 பி.டி.யு.வுக்கு (பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு) 50 கன அடி இடம் கேட்கிறது. நம் 6 லிட்டர் கீசர் மணிக்கு சுமார் 40,000 பி.டி.யு. அப்படியானால் 2,000 கன அடி. அது ஒரு பெரிய ஹாலின் அளவு, அதுவும் புகைக்குழாய் உள்ள கருவிக்கு. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, அறைக் காற்றை இழுத்து எரியும் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது.

தீபாவளி அன்று எல்லோரும் வரிசையாக எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடைசியில் போன பெண்ணுக்குத்தான் மயக்கம் வந்தது. ஏன்?

மேலே சொன்ன கணக்கு அவள் விஷயத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. முதலில் குளித்தவர் விட்டுப்போன காற்றில் இரண்டாமவர், அவர் விட்டதில் மூன்றாமவர். ‘தண்ணீர் ஆறிவிடும், சீக்கிரம் போ’ என்று இடைவெளியே விடாமல் அனுப்பினால் கடைசி ஆளுக்குக் கிடைப்பது மிச்சக் காற்று. குழந்தைகள், கர்ப்பிணிகள், ரத்த சோகை உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள் சீக்கிரம் பாதிக்கப்படுவார்கள். நம் வீடுகளில் கடைசியாகக் குளிக்கப் போவது பெரும்பாலும் பெண்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் கீசரை எங்கே மாட்டுவது?

பாத்ரூமுக்கு வெளியே. என்னைக் கேட்டால் இதில் பேரமே கிடையாது. துணி துவைக்கிற இடம், பின்பக்க பால்கனி, மொட்டை மாடிப் படிக்கு அடியில் திறந்த பக்கம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வெந்நீர் குழாயை மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே கொண்டுபோனால் போதும். 10 அடி குழாய்க்குத் தண்ணீர் பெரிதாக ஆறாது, அதற்கு மேல் போனால் குழாய்க்கு உறை போடலாம்.

மழைச்சாரல் படாத இடமாகப் பாருங்கள், எதிர்க்காற்று தீயை அணைக்காத மாதிரியும் இருக்கட்டும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே வேண்டாம், புகை அந்த வழியாக உள்ளே வரும். பால்கனியைப் பிறகு கண்ணாடி போட்டு மூடினால் அதுவும் அறைதான். கீசர் மாட்டி இரண்டு வருஷம் கழித்துப் புறாத் தொல்லைக்காக பால்கனியை அடைத்துவிட்டு, கீசர் அங்கே இருப்பதையே மறந்து போகிறார்கள்.

சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். பள்ளத்திலோ சாக்கடை வாய்க்குப் பக்கத்திலோ வைக்கக் கூடாது, கசிந்தால் கேஸ் அங்கேதான் போய்த் தேங்கும். ரப்பர் டியூபைச் சுவருக்குள் நுழைக்காதீர்கள். சுவரைத் தாண்ட வேண்டுமென்றால் செம்புக் குழாயோ இரும்புக் குழாயோ போடுங்கள். கீசரில் ஐ.எஸ். 15558 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போதைக்கு உள்ளேதான் இருக்கிறது. வாடகை வீடு, உடனே மாற்ற முடியாது.

வாளி, சொம்புக் குளியல் நமக்குப் பழக்கமானதுதான், அது இங்கே கைகொடுக்கும். கதவைத் திறந்து வைத்தே வாளியில் வெந்நீரைப் பிடியுங்கள். கீசரை நிறுத்துங்கள். கேஸ் வால்வையும் மூடுங்கள். சில நிமிடம் கதவும் வென்டிலேட்டரும் திறந்தே இருக்கட்டும். அப்புறம் உள்ளே போய்த் தாழ் போட்டுக் குளியுங்கள். குளிக்கும்போது கீசர் எரியக் கூடாது, இது ஒன்றுதான் விதி. ஷவரில் நிற்கும் ஆசையை வீட்டுக்காரர் கீசரை வெளியே மாற்றும் வரை தள்ளிப் போடுங்கள்.

வீட்டுக்காரரிடம் ‘ஆபத்து’ என்று மட்டும் சொன்னால் ‘இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே’ என்பார். மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள். மாற்றுகிற செலவு குழாய்க்கும் ஓர் ஆள் கூலிக்கும்தான், கீசர் புதிதாக வேண்டியதில்லை.

வென்டிலேட்டர் இருக்கிறதே, அது போதாதா?

எத்தனை வென்டிலேட்டர்? திறந்திருக்கிறதா? கொசுவுக்கு நைலான் வலை அடித்து, வலையில் சோப்பு நுரையும் தூசியும் படிந்து, பக்கத்து வீட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்று உட்பக்கம் பேப்பர் ஒட்டியிருந்தால் அது சுவர்தான், வென்டிலேட்டர் இல்லை.

மேலே ஒரே ஒரு ஓட்டை இருந்தால் சூடான காற்று அதன் வழியாக வெளியே போகப் பார்க்கும், ஆனால் போன இடத்தை நிரப்பக் கீழேயிருந்து காற்று வர வேண்டும். வழி இல்லாவிட்டால் இரண்டும் நின்றுவிடும். அதனால் கூரையை ஒட்டி ஒன்று, தரையை ஒட்டி ஒன்று என்று இரண்டு வேண்டும். கதவின் கீழ்ப்பகுதியில் சாய்வுப் பட்டிகள் வைக்கலாம், அல்லது கதவையே தரையிலிருந்து தூக்கி அறுக்கலாம்.

அளவு? மேலே சொன்ன அமெரிக்க நெறிமுறை, நேராக வெளியே திறக்கும் ஒவ்வொரு துளைக்கும் 4,000 பி.டி.யு.வுக்கு 1 சதுர அங்குலம் கேட்கிறது. நம் கீசருக்கு ஒவ்வொன்றும் 10 சதுர அங்குலம். வீட்டின் இன்னொரு அறைக்குத் திறந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 100 சதுர அங்குலம். இது காற்று தாராளமாகப் போகும் பரப்பு மட்டும், சட்டமும் வலையும் சேராது. மரப்பட்டி வைத்த துளையில் கால் பங்கு பரப்பைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இவையெல்லாமும் புகைக்குழாய் உள்ள கீசருக்கான அளவு. குழாய் இல்லாத கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டிவிட்டு இந்த அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கொண்டு குளிக்கிறோம். நல்லதுதானே?

கீசர் வெளியே இருந்தால் தாராளமாகப் போடுங்கள். கீசர் உள்ளே, புகைக்குழாயோடு இருந்தால் ஃபேன் எதிராக வேலை செய்யக்கூடும். ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள அறையில் காற்றழுத்தம் குறையும். கதவு இறுக மூடியிருந்தால் வெளிக்காற்று உள்ளே வரச் சுலபமான ஓட்டை எது? புகைக்குழாய். மேலே போக வேண்டிய புகையைக் கூட்டிக்கொண்டு காற்று அதே குழாயில் கீழே இறங்கும். சமையலறைச் சிம்னியை அதிவேகத்தில் வைத்துவிட்டு ஒட்டிய சர்வீஸ் அறையில் கீசர் ஓட்டினாலும் இதே கதைதான்.

சந்தேகமிருந்தால் ஒரு ஊதுபத்தி ஏற்றி, எரியும் கீசரின் மேல் விளிம்பில் பிடித்துப் பாருங்கள். கதவை மூடி, ஃபேனை ஓடவிட்டுப் பாருங்கள். புகை குழாய்க்குள் இழுக்கப்பட வேண்டும். முகத்துக்குத் திரும்பி வந்தால் கீசரை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

புகைக்குழாயில் என்னென்ன வகை?

நம் கடைகளில் கிடைக்கும் சின்ன கீசர்களில் பலவற்றில் குழாயே கிடையாது. மேல்பக்கத்துக் கண்களின் வழியாகப் புகை அறைக்குள்ளேயே வரும். திறந்தவெளிக்கு மட்டும் ஏற்றது. இரண்டாவது வகையில் குழாய் உண்டு, ஆனால் எரியக் காற்றை அறையிலிருந்துதான் எடுக்கும். மூன்றாவது, குழாய்க்குள் குழாய். வெளிக்குழாய் வழியாகக் காற்று வெளியிலிருந்து வரும், உள்குழாய் வழியாகப் புகை வெளியே போகும், அறைக் காற்றைத் தொடவே தொடாது. வீட்டுக்குள்தான் மாட்ட வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்றாவது வகை மட்டும். விலை கூடத்தான்.

சாதாரணக் குழாய் போடுவதென்றால் முடிந்தவரை நேராக மேலே ஏற்றுங்கள். படுக்கையாகப் போகிற நீளம் குறைவாக இருக்கட்டும், அதுவும் வெளிப்பக்கம் நோக்கி மெல்ல ஏறட்டும். வெளி முனைக்குத் தொப்பி வேண்டும். பறவை நுழையாத கம்பியும் வேண்டும், ஏனென்றால் சும்மா கிடக்கும் குழாய் புறாவுக்கு வீடு. குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு.

அபார்ட்மென்ட்டில் எங்களுக்கு இருப்பது டக்ட் மட்டும்தான்.

எல்லா வீட்டு பாத்ரூம் ஜன்னலும் அந்த டக்ட்டில்தான் திறக்கின்றன. உங்கள் புகை மேல் வீட்டு ஆள் குளிக்கிற அறைக்குப் போகும். மேலே மூடாமல் திறந்திருந்தாலும் அதை நம்பாதீர்கள். இங்கே கரன்ட் கீசர்தான் சரி.

தீயைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமா?

ஓரளவு. ஆடாத நீலச் சுடர் நல்லது. நுனி மஞ்சளாகி, சோம்பேறித்தனமாக ஆடி, கீசரின் வாயில் கரி படிந்தால் காற்று போதவில்லை. பர்னரில் தூசி, வலை, துரு ஏதோ இருக்கிறது. ஜன்னலில் வழக்கத்துக்கு மீறி நீர் வழிந்தாலும் கவனியுங்கள். 1 கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும், அது போக வழியில்லை என்று அர்த்தம். ஆனால் நீலமாக எரிந்தால் பயமே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூடிய அறையில் தொடக்கத்தில் எல்லா கீசரும் நீலமாகத்தான் எரியும்.

20 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாரே?

பல மாடல்களில் அந்த டைமர் உண்டு. அது நேரத்தைத்தான் அளக்கும், காற்றை அளக்காது. 5 நிமிடத்திலும் 10 நிமிடத்திலும் என்ன ஆகிறது என்று மேலே பார்த்தோம். அணைந்ததும் குழாயை மூடித் திறந்தால் திரும்ப எரியும் என்பதும் உங்களுக்கே தெரியும்.

சர்வீஸில் என்ன செய்யச் சொல்வது?

சீசன் தொடங்கும் முன், ஐப்பசியிலேயே கூப்பிடுங்கள். பர்னரையும் காற்று நுழையும் கழுத்தையும் கழற்றித் துடைக்க வேண்டும். செம்புத் தகடுகளுக்கு இடையே கரி அடைத்திருந்தால் புகை மேலே போகாது, அதை பிரஷ் போட்டு எடுக்க வேண்டும். பாலாற்றங்கரை போர் தண்ணீர் உப்பு என்பதால் உள்ளே உப்புப் படிந்து வெந்நீர் குறையும். அதற்காக கேஸ் குமிழைக் கூட்டிக்கொண்டே போகாமல் உப்பை எடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் டியூபில் அச்சடித்திருக்கும் ஆண்டைப் பாருங்கள், 5 வருஷம் ஆனால் மாற்ற வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறோம். அறையிலேயே சமைக்கலாமா?

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சோறு பொங்கும் குடும்பங்கள் ஏராளம், வங்காளத்திலிருந்து வருபவர்கள் முக்கியமாக. ஏ.சி. அறையைப் பூட்டிக்கொண்டு சின்ன சிலிண்டர் அடுப்பை ஏற்றாதீர்கள். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும், புதுக்காற்றைக் கொண்டுவராது. ஜன்னலைத் திறந்து சமையுங்கள். அறையில் இதய நோயாளியோ ரத்த சோகை உள்ளவரோ இருந்தால் பொதுச் சமையல் இடம் உள்ள லாட்ஜாகத் தேடுவது நல்லது.

ஏலகிரியில் அறைக்குள் கணப்பு வைத்துத் தூங்கலாமா?

கூடாது. கரியோ, விறகோ, குழாயில்லா கேஸ் ஹீட்டரோ, மூடிய அறையில் தூங்கும்போது எதுவும் எரியக் கூடாது. கரி புகையில்லாமல் கனன்றுகொண்டே கேஸைவிட அதிகமாக மோனாக்சைடு விடும். ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். அங்கே ஒரே அளவு காற்றில் சமவெளியைவிட எட்டில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவு. கீசர் கீழே வேலூரில் எரிந்த மாதிரி அங்கே எரியாது. ஜவ்வாது மலைக்கும் இதே பேச்சுதான். இரண்டு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தைக்குச் சாம்பிராணி போடும்போதும் கதவைத் திறந்து வையுங்கள். தட்டில் இருப்பது எரிகிற கரிதான்.

உள்ளே போனவர் கூப்பிட்டால் குரல் கொடுக்கவில்லை. என்ன செய்வது?

யோசிக்காமல் கதவை உடையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளை வெளியே இழுங்கள். உள்ளே நின்று முதலுதவி செய்யாதீர்கள், காப்பாற்றப் போனவரும் விழுவார். இன்னொருவர் கேஸை மூடட்டும், 108-ஐக் கூப்பிடட்டும். மூச்சு இல்லையென்றால் வெளியே கொண்டுவந்ததும் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ‘பித்தம், காலையில் சாப்பிடாத மயக்கம்’ என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: ‘கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்த பாத்ரூமில் விழுந்தார்.’ கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டி 98 காட்டுகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்றே படிக்கும். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள மோனாக்சைடு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

அலாரம் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எதை என்று பார்த்து வாங்குங்கள். எல்.பி.ஜி. கசிவு அலாரம் வேறு, அதைத் தரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, அந்த வாயு அறைக் காற்றில் கலந்து நிற்பதால் மூச்சு விடும் உயரத்தில் வைக்கலாம். பாத்ரூமுக்குள் வேண்டாம், நீராவி சென்சாரைக் கெடுக்கும். கதவுக்கு வெளியே மாட்டுங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்பக்கத்துத் தேதியைப் பாருங்கள்.

கசிவு வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

குழாய் எரிவாயு வந்தால் இதே கீசரை மாட்டிக்கொள்ளலாமா?

அப்படியே மாட்டக் கூடாது. சிலிண்டரில் வருவது புரோப்பேன், பியூட்டேன் கலவை. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். இரண்டுக்கும் ஜெட் துளை அளவும் அழுத்தமும் வேறு. மாற்றும் வசதி உள்ள மாடல் என்றால் கம்பெனி ஆளை வைத்து ஜெட்டை மாற்றுங்கள். மாற்றிய பிறகு கீசர் மேல் எந்த வாயுவுக்கு என்று ஒரு சீட்டும் ஒட்டச் சொல்லுங்கள். மீத்தேன் காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போகும். அதற்கான கசிவு அலாரத்தை மட்டும் கூரைப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.